இலைச் சட்டைக்காரன்

வேட்டைக் குடிலின் சுவர் முழுக்கத் துணித் துண்டுகள் ஆணியில் தொங்கின. கோடு போட்டது, கட்டம் போட்டது, சாயம் போன நீலம் என்று பல தினுசு. ஒன்றில் பொத்தான்கூட அப்படியே இருந்தது. எல்லாமே சட்டைகளின் பின்பக்கத்து வால். மானுக்குக் குறி வைத்துக் கோட்டை விட்டவர் யாரானாலும் சரி, அன்று சாயங்காலம் அவர் போட்டிருக்கும் சட்டையின் வாலைக் கத்தரித்து, பேரை எழுதிச் சுவரில் அறைந்துவிடுவார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் வடக்குக் காட்டில் அநேகமாக எல்லாக் குடில்களிலும் உள்ள வழக்கம்தான். குடிலின் சொந்தக்காரன் டெல்மரின் துண்டுகள் ஒரு மூலையையே அடைத்துக்கொண்டிருந்தன. அவன் மனைவி வெர்னாவுடையதும் ஒன்று இருந்தது. லோரனுடையது மட்டும் இல்லை.

லோரன் அப்படியொன்றும் குறி தவறாத வீரன் இல்லை. எதிரே மான் வந்து நின்றால்தானே குறி தவறுவதற்கு! டெல்மரின் தங்கையைக் கட்டிக்கொண்ட வருடத்திலிருந்து ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் வில்லைத் தூக்கிக்கொண்டு மச்சான் குடிலுக்கு வருவான். மரத்தின் மேல் கட்டிய பரணில் நாளெல்லாம் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம், வெறுங்கையோடு ஊருக்குத் திரும்புவான். கோட்டை விட்டவன் என்ற பேர்கூட வாங்க வக்கில்லாதவன் என்று அவனுக்கே தன்மேல் ஒரு வெறுப்பு.

இந்த வருடம் அவன் வண்டியை விட்டு இறங்கிய கோலத்தைப் பார்த்து டெல்மர் வாசலிலேயே நின்றுவிட்டான். தொப்பி, சட்டை, கால்சட்டை, கையுறை எல்லாவற்றிலும் இலையும் பட்டையும் சுள்ளியும் அச்சடித்திருந்தது. முகத்துக்கு வலை வேறு.

"ஏய் வெர்னா, வாசல்ல ஒரு புதர் வந்து நிக்குது பாரு!"

"நின்னா என்ன, ஒரு வாளி தண்ணி ஊத்து," என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"சிரிங்க, நல்லா சிரிங்க. மான் கண்ணுக்கு நான் இருக்கிறதே தெரியாது, மச்சான்."

"என் தங்கச்சி கண்ணுக்கே நீ இருக்கிறது தெரியறதில்லையாம் மாப்ள. அதுக்கு எதுக்கு இத்தனை வேஷம்?"

வெர்னா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அவள் போட்டிருந்தது சிவப்புக் கட்டம் போட்ட பழைய கம்பளிச் சட்டை. மாட்டுக்கொட்டகைக்கும் அதுதான், காட்டுக்கும் அதுதான். முந்தின நாள் அதைப் போட்டுக்கொண்டுதான் கொம்பு மான் ஒன்றை வீழ்த்தியிருந்தாள். அது கொட்டகையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது துணியையா பாக்குது தம்பி? அசையறதைப் பாக்கும், காத்துல மோப்பம் பிடிக்கும். நீ பரண்ல உக்காந்தா கோழி கிளறுற மாதிரி கிளறுற. அதான் உனக்கு வர மாட்டேங்குது."

"உங்களுக்கு அதிர்ஷ்டம் அக்கா. உடுப்பு இருந்தா எனக்கும் வரும். பாத்துக்கிட்டே இருங்க."

"சரி, பந்தயம்," என்றான் டெல்மர். "இந்த இலைச் சட்டையைப் போட்டுக்கிட்டு நீ மான் அடிச்சேன்னா, அடுத்த வருஷம் நானும் இவளும் இதே மாதிரி புதர் வேஷம் போடறோம். கோட்டை விட்டேன்னா..." இரண்டு விரலைக் கத்தரி போல ஆட்டிக் காட்டினான்.

"மச்சான், இது புதுசு!"

"புதுசா இருந்தாத்தானே வெட்டுறதுக்கு ருசி."

லோரனும் சிரித்து வைத்தான். உள்ளுக்குள் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. உடுப்பைப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு அதன் வாலையே சுவரில் தொங்கவிட்டால், காலம் பூராவும் அந்தக் குடும்பத்தில் தலை நிமிர முடியாது. கல்யாணம், கிறிஸ்துமஸ், சாவு வீடு என்று எங்கே போனாலும் டெல்மர் இதே கதையை எடுத்துவிடுவான்.

அந்த வருடம் அக்டோபர் கடைசியிலும் வெயில் காய்ந்தது. பரணில் உட்கார்ந்திருந்த லோரனுக்குக் கழுத்தெல்லாம் கசகசத்தது. பொழுது சாய ஆரம்பித்த நேரத்தில் ஓடைப் பக்கமிருந்து கொம்பு மான் ஒன்று தானாக நடந்து வந்தது. பரணுக்கு எதிரே நின்று ஓக் மரத்துக் கொட்டை பொறுக்கித் தின்றது. ஒரு தடவை தலையைத் தூக்கி அவன் இருந்த பக்கம் பார்த்தது, மறுபடி தின்னப் போய்விட்டது. உடுப்பா, காற்றா, அந்த மானின் கெட்ட நேரமா என்று யாரைக் கேட்பது? லோரனுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. நான் இருப்பது அதற்குத் தெரியவில்லை என்று நெஞ்சு குதித்தது. அப்போதே மனசுக்குள் டெல்மருக்கு இலைச் சட்டை மாட்டிவிட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டான்.

மெதுவாக எழுந்து நாணை இழுத்துக் காது வரை கொண்டுவந்து விட்டான்.

அம்பு புறப்படும்போது நாண் அவன் சட்டைக் கையில் அடித்தது. இலை போலத் தொளதொளவென்று தொங்குவதற்காகவே தைத்த கை அது. அம்பு கோணிக்கொண்டு போயிற்று. மான் துள்ளி ஓடவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, வயிற்று வலிக்காரன் நடப்பது போல, ஓடைப் பக்கமே திரும்பி நடந்தது.

முதுகைக் கூனிக்கொண்டு நடந்தால் அம்பு வயிற்றில் தைத்திருக்கிறது என்று அர்த்தம். வேட்டைக்குப் போகிறவனுக்கு இது தெரியாமல் இருக்காது, லோரனுக்கும் தெரியும். உடனே துரத்தக் கூடாது, போய் ஆட்களைக் கூட்டி வர வேண்டும், கிடைக்கும் வரை தேட வேண்டும். போன வருடம் வெர்னாவின் அம்பு இப்படித்தான் வயிற்றில் தைத்தது. அவள் வந்து சொன்னதும் மூன்று பேரும் லாந்தரோடு புறப்பட்டு, ஒவ்வொரு ரத்தச் சொட்டுக்கும் ஒரு காகிதத் துண்டைப் போட்டுக்கொண்டே போய் மானைக் கண்டுபிடித்து, அதன் வேதனையை முடித்து வைத்தார்கள். லாந்தர் பிடித்தவன் லோரன்.

இதெல்லாம் தெரிந்தவன் பரணிலேயே உட்கார்ந்திருந்தான். படவில்லை, படாமல்தான் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். பட்டிருந்தால் ஓடியிருக்காதா? படவில்லை என்று போய்ச் சொன்னாலோ கத்தரி வரும். இரண்டையும் சொல்லாமல் விட்டால் எதுவுமே வராது. இறங்கிப் போய்ப் பார்த்தால் இலையில் ரத்தம் கிடந்தாலும் கிடக்கும், அப்புறம் சொல்லாமல் இருக்க முடியாது. அதனால் இருட்டும் வரை காத்திருந்து, மரத்தின் மறுபக்கமாக இறங்கி, மான் நின்ற இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தான்.

"ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டான் டெல்மர்.

"ஒரு அணில்கூட வரல, மச்சான்."

"உன் உடுப்பைப் பாத்து அதுவும் ஏமாந்து உன் மேலயே கூடு கட்டியிருக்கும்!"

வெர்னா அவன் அம்புக்கூட்டைச் சுவரில் மாட்டப் போனவள் நின்றாள். "ஒரு அம்பு குறையுதே தம்பி?"

"அதுவா... போர் அடிச்சுது. ஒரு மட்கின கட்டையில விட்டுப் பாத்தேன். எடுக்க வரல."

பொய் சரளமாக வந்ததில் அவனுக்கே ஆச்சரியம். வெர்னா ஒரு கணம் அவனைப் பார்த்தாள், மாட்டிவிட்டுப் போய்விட்டாள். சாப்பாட்டுக்கு மான்கறித் தொத்திறைச்சியும் உருளைக்கிழங்கும். அப்புறம் சீட்டு. டெல்மர் ஆட்டத்துக்கு ஆட்டம் அவனை வாரினான். இப்போதுகூடச் சொல்லிவிடலாம் என்று லோரனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. லாந்தர் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இந்த ஆட்டம் முடியட்டும், சொல்கிறேன் என்று நினைத்தான். ஆட்டம் முடிந்தது, அடுத்த ஆட்டத்துக்கும் சீட்டைப் போட்டார்கள்.

காலையில் ஓடைப் பக்கம் காக்கைகள் கூடிக் கத்தின. டெல்மர் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுக் காது கொடுத்தான். "அங்க என்னமோ செத்துக் கிடக்கு. வாங்க போய்ப் பாக்கலாம்." லோரன் முன்னாலும் நடக்கவில்லை, நின்றுவிடவும் இல்லை. கால்கள் அவர்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

பரணிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. மான் தண்ணீரில் வாயை வைத்தபடி கிடந்தது. பின்தொடையை ஓநாய்க் கூட்டம் தின்றிருந்தது. மிச்சம் இருந்த கறியும் கிழிந்த குடலின் அழுக்கு பரவிக் கெட்டு, கிட்டே போகும்போதே நாற்றம் அடித்தது. வழியில் இலைச் சருகு நசுங்கிய இடங்கள் தெரிந்தன. படுத்திருக்கிறது, எழுந்திருக்கிறது, கொஞ்சம் நகர்ந்து மறுபடி படுத்திருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் ரத்தம் காய்ந்து கிடந்தது. வயிற்றில் மஞ்சள் இறகு வைத்த அம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குடிலில் மஞ்சள் இறகு வைத்திருப்பவன் லோரன் ஒருவன்தான்.

வெர்னா மண்டியிட்டு மானின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் சூடு முழுசா விடல," என்றாள். "விடியற வரைக்கும் உசிரோட இருந்திருக்கு."

லோரன் அம்பைப் பார்த்தபடியே நின்றான். நாங்கள் சீட்டாடும்போதும் உயிரோடு இருந்ததா? நான் தூங்கும்போதுமா? யாராவது திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது. டெல்மரின் வாய் எப்போதும் சும்மா இருக்காது, இன்றைக்கென்று மூடிக்கொண்டுவிட்டது. அம்பை உருவி, பாசியில் துடைத்து, லோரன் கையில் கொடுத்துவிட்டு நடந்தான்.

குடிலுக்கு வந்ததும் லோரன் தன் சட்டையைக் கழற்றினான். மேசை இழுப்பறையிலிருந்த கத்தரிக்கோலை அவனே எடுத்து, சட்டையோடு சேர்த்து வெர்னாவிடம் நீட்டினான்.

"வெட்டிடுங்க அக்கா. வாலை மட்டும் வேண்டாம், முழுசா வெட்டிடுங்க."

வெர்னா வாங்கவில்லை. "அது கோட்டை விட்டவங்களுக்கு, லோரன். நீ விடலையே."

அவன் உள்பனியனோடு நின்றான். அவமானத்தில் தோலெல்லாம் எரிந்தது. ஆயிரம் இலை அச்சடித்துப் போட்டாலும் இந்த இரண்டு பேர் கண்ணிலிருந்து இனி ஒளிய முடியாது என்று தெரிந்தது. ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று பையைக் கட்டினான். அப்புறம் அதுவும் ஓடி ஒளிவதுதான் என்று பட்டது. பையை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துப்போய், நாற்றத்தில் குமட்டிக்கொண்டே, மானைத் தனியாகப் புதைத்துவிட்டு வந்தான். உதவிக்கு யாரும் வரவில்லை, அவனும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். லோரன் காத்திருந்தான். புதர் என்று ஒரு வார்த்தை, அணில் என்று ஒரு வார்த்தை, எதுவாக இருந்தாலும் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். டெல்மர் உருளைக்கிழங்குச் சட்டியைக் கையில் எடுத்து, விருந்தாளிக்கு நீட்டுவது போல இரண்டு கையாலும் நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோங்க லோரன்," என்றான்.