தண்ணீர் ஊற்ற ஆள்

கார் கழுவுவது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் தண்ணீர் ஊற்ற வேண்டும். இன்னொருவர் அந்தத் தண்ணீருக்குப் பின்னாலேயே துணியைக் கொண்டுபோக வேண்டும். துணி முந்தினால் மண் பெயிண்டைக் கீறிவிடும். பன்னிரண்டு வருடமாக என் மனைவி லில்லி ஊற்றினாள், நான் துடைத்தேன்.

"ஊத்து லில்லி, வெரசா ஊத்து!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவேன்.

"ஒரு பைப்பு வாங்குங்கன்னா கேக்குறீகளா?" என்று முணுமுணுப்பாள்.

பைப்பில் வேகம் அதிகம், பெயிண்டுக்கு ஆகாது என்பேன். சும்மா சொன்னதுதான். அவள் பக்கத்தில் நின்று முணுமுணுப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

மகள் அபிஷாவின் பிரசவத்துக்குச் சென்னை போனவள், பேரனுக்கு ஒரு வயது முடிந்தும் வரவில்லை. அபிஷா வேலைக்குப் போகிறாள், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். போடியில் ஏலக்காய்க் கடையை அப்படியே விட்டுவிட்டு நானும் போக முடியாது. எல்லாம் நியாயம்தான். அந்த நியாயமா எனக்குச் சோறு போட்டு எதிரில் உட்காரப்போகிறது?

நேற்று சரக்குப் பார்க்கக் குரங்கணி போய்வந்ததில் கார் முழுக்கச் சேறு, காலைக்குள் காய்ந்திருந்தது. வெயில் ஏறுமுன் நிழலில் நிறுத்தி, ஊற்ற ஒரு வாளி, ஷாம்புக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி வைத்தேன். நானே ஊற்றி, நானே துடைத்துக் கூரையை முடித்தேன். கதவுக்கு வந்ததும் பழக்கதோஷம். "ஊத்து லில்லி" என்று சொல்லிக்கொண்டே துணியை இழுத்துவிட்டேன்.

தண்ணீர் வரவில்லை. கதவில் ஒரு முழத்துக்குக் கீறல்.

ஈரக்கையோடு அவளைப் போனில் கூப்பிட்டேன்.

"வண்டியில கோடு விழுந்துருச்சு."

"ஐயையோ, யாரு கீறுனது?"

"நாந்தான். தண்ணி ஊத்த ஆளில்ல லில்லி."

வந்துவிடு என்று இதைவிடத் தெளிவாகக் கேட்க எனக்கு வராது. அந்தப் பக்கம் பிள்ளை அழுதது.

"இதுக்குத்தான் அன்னைக்கே பைப்பு வாங்கச் சொன்னேன். இன்னைக்காவது வாங்கிருங்க. பிள்ள அழுறான், வச்சிர்றேன்."

வெயில் ஏறிவிட்டது. கதவில் ஷாம்பு திட்டுத்திட்டாகக் காய்ந்துகொண்டிருந்தது. கடைத்தெருவில் எத்தனையோ பைப்பு கிடைக்கும். வாங்கிவிட்டால், அவளை வரச்சொல்ல என்னிடம் வேறு காரணம் இல்லை.