ராஜாவுக்கு ஒரு மக் தண்ணீர்

மனிதகுலம் இதுவரை கண்ட மூக்குகளில் என்னுடையதே நேர்மையானது. தற்பெருமை இல்லை. பால் திரியப்போவதை முந்தின நாளே சொல்லிவிடும். முன்பு விடுதியில் இருந்தபோது யாருடைய சாக்ஸ் யார் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டியிருக்கிறேன். மூக்குக்குக் கீழே இருக்கும் வாயைப் பற்றி மட்டும் நான் யாருக்கும் உத்தரவாதம் கொடுத்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை இந்த மூக்கு அத்தானுக்குத் தேவைப்பட்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து வருடமாக கிரீஸையும் தூசியையும் முகர்ந்ததில் அவருடைய மூக்கு முன்கூட்டியே ஓய்வு பெற்றுவிட்டது. நான் தங்கிப் படிக்கும் அக்கா வீட்டுக்குப் பின்னால் அவருடைய பழைய கேரவன் நிற்கிறது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற வகை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கழிப்பறை, முழங்கை இடிக்கும் குளியலறை. இரண்டு வருட விடுமுறை நாட்களையெல்லாம் அதைப் பழுதுபார்ப்பதற்கே கொடுத்திருந்தார். குழந்தை பிறப்பதற்குள் அக்காவை அதில் ஒருமுறை கடலோரம் அழைத்துப்போக வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

இப்போது அதற்குள் சாக்கடை நாற்றம். ஆறு மாத வயிற்றோடு படியேறிய அக்கா, வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"என் ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார். நாலு மணிக்கு வரச் சொல்லியாச்சு. அதுக்குள்ள நாத்தம் போகலைன்னா வித்துடுங்க."

அத்தான் தலையாட்டினார். எதிர்த்துப் பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"மச்சான், ஞாயித்துக்கிழமையெல்லாம் தண்ணி ஊத்தினேல்ல?"

"ஊத்தாம இருப்பேனா அத்தான்?"

அந்தத் தண்ணீர் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறுதோறும் அத்தான் குளியலறை வடிகாலில் ஒரு மக் தண்ணீர் ஊற்றுவார். குழந்தைக்குப் புகட்டுவதுபோல "குடி ராஜா" என்று வேறு சொல்வார். இதை வைத்து எங்கள் கல்லூரிப் பத்திரிகையில் 'சாக்கடையின் தாகம் தீர்த்த வள்ளல்' என்று ஒரு பக்கம் எழுதினேன். ஏகப்பட்ட கைதட்டல். அத்தானே படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஆறு வாரம் வெளியூர் வேலைக்குப் போய் முந்தின நாள்தான் திரும்பியிருந்தார்; போகும்போது அந்த மக்கை என் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதில் பேனாக்களைப் போட்டு வைத்தேன்.

"நீ ஊத்தியிருந்தா வடிகால் பிரச்சினை இல்ல" என்று அத்தான் தேடலை வேறு பக்கம் திருப்பினார். பாத்திரம் கழுவும் தொட்டி, அதன் அடியில் குழாய் மூட்டுகள், அலமாரி மூலை என்று அவர் டார்ச் அடிக்க, நான் மண்டியிட்டு முகர்ந்தேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே தள்ளி நின்றாள்.

"அவன் மூக்கையா நம்பறீங்க? பரீட்சை வர்ற வாசனையே தெரியாதவன் அவன்."

"சும்மா இரும்மா. அவன்தான் இன்னிக்கு எனக்கு எல்லாம்."

எதற்கும் இருக்கட்டும் என்று குளியலறையில் குனிந்தேன். நாற்றம் முகத்தில் அறைந்தது. டார்ச்சை வாங்கி வடிகாலுக்குள் அடித்தேன். வளைந்த குழாயில் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் வற்றி, குழாய் சுக்காகக் காய்ந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் கழிவுநீர் டேங்க். அந்த ஒரு மக் தண்ணீர்தான் நடுவில் நாற்றத்தை மறிக்கும் கதவு. ஆறு வாரமாகக் கதவைத் திறந்து போட்டிருந்தவன் நான்.

"என்ன மச்சான், அங்கயா?"

மூக்கு ஆமாம் என்றது.

"இங்க இல்ல அத்தான்" என்றது வாய்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அப்ப நான் மாட்டின டாய்லெட்தான். அடியில ரப்பர் வளையம் சரியா உக்காரல போல. என் கைவேலை லட்சணம்."

ஒரு மணி நேரம் போராடி அதைக் கழற்றினார். வளையம் புதிதுபோல இருந்தது. ஆனாலும் ஓட்டையை ஒரு துணியால் அடைத்துவிட்டு, சிராய்த்த முழங்கையோடு வேறு வளையம் வாங்கக் கடைக்கு ஓடினார்.

நான் அறைக்கு ஓடினேன். பேனாக்களைக் கட்டிலில் கொட்டினேன். மக்கில் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றினேன்; வடிகால் களக் என்று விழுங்கியது. இன்னொரு மக். எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தேன்.

மூன்றரை மணிக்கு அத்தான் வளையத்தை மாட்டி முடித்ததும், அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். மெதுவாக விரலை எடுத்தாள்.

"போயிடுச்சே!"

"என் தப்புதான்மா. ஒழுங்கா மாட்டாம உன்னைப் பாடுபடுத்திட்டேன். மன்னிச்சுக்கோ."

அக்கா போனை எடுத்து ஆபீஸ்காரரிடம் வர வேண்டாம் என்று சொன்னாள். அத்தான் என் தோளில் தட்டினார். "மச்சான் மூக்கு மட்டும் இல்லேன்னா தரையையே பேத்திருப்பேன்."

உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தேன்.

"காபி போடட்டுமா அத்தான்?"

மறுநாள் ஞாயிறு. அவர் எழுவதற்கு முன்பே மக்கோடு கேரவனுக்குள் போனேன். வெளியே யாரும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். தண்ணீரைச் சிந்தாமல், மெதுவாக ஊற்றினேன்.

"குடி ராஜா" என்றேன்.