முன் இருக்கை

கயாக் படகின் முன் இருக்கையில் உட்கார்ந்து காலை நீட்டினேன். பாதம் ஊன்றும் கட்டை எட்டவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டு நான் வீட்டில் படுத்திருந்த மூன்று மாதமும் இந்த இருக்கையில் என் தங்கைதான் உட்கார்ந்தாள். ஒட்டடை அடிக்க அவளுக்கு ஏணி வேண்டாம், அவ்வளவு உயரம். தன் காலுக்குத் தோதாகக் கட்டையைத் தள்ளி வைத்திருக்கிறாள். தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் வயிறு எரிந்தது.

"அக்கா, கட்டைய கிட்ட இழுத்து வெச்சுக்கோ. முட்டி ரெண்டும் படகுல நல்லா முட்டிட்டு இருக்கணும். இல்லன்னா முதுகு கூனிடும்," என்றாள் மிதவை மேடையில் நின்றபடி. என் துண்டு அவள் தோளில் கிடந்தது. துடுப்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவளுக்குக் காட்டியதே நான்.

"எங்களுக்கும் தெரியும்," என்றேன். தெரிந்தும் இழுத்து வைக்கவில்லை. அவள் சொல்லி நான் செய்வதாவது!

ஞாயிற்றுக்கிழமை இரட்டையர் போட்டி. பின் இருக்கை என் கணவருடையது; அவருக்கு முன்னால் உட்காரப்போவது அக்காவா தங்கையா என்பது இன்றைக்கு முடிவாக வேண்டும்.

"ஒரு சுத்து போயிட்டு வரலாம். முதுகு என்ன சொல்லுதுன்னு பாப்போம்," என்றார் அவர் பின்னாலிருந்து. முதுகைக் கேட்கிறாராம். என்னைக் கேட்டால் வாய் தேய்ந்துவிடுமா?

கிளம்பிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, 'டக்' என்று அவர் துடுப்பு என் துடுப்பில் இடித்தது. முன்னால் இருப்பவர் போடும் தாளத்துக்குத்தான் பின்னால் இருப்பவர் போட வேண்டும். கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே என் தாளம் அவருக்கு அத்துப்படி. சின்னச் சின்னதாக, வேகமாகப் போடுவேன். இப்போதோ அவர் கை நீளமாகப் போய், தாமதமாகத் திரும்பியது. மறுபடியும் டக்.

"யார் முன்னாடி உக்காந்திருக்கான்னு ஞாபகம் இருக்கா?"

"சாரிம்மா. பழக்கமாயிடுச்சு."

அந்த ஒரு வார்த்தை போதாதா? ஆத்திரத்தில் கையை மட்டும் வைத்து இழுத்தேன். காலுக்குப் பிடிமானமில்லை, முதுகு கூனியது, இடுப்பில் பழைய இடத்திலேயே சுரீரென்றது. வாயைத் திறந்தால் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தண்ணீர் குடிப்பதாகச் சொல்லி நிறுத்தினேன். பாட்டிலைத் தேடுகிற சாக்கில் குனிந்து, கட்டைகளை ஓசைப்படாமல் கிட்டே இழுத்தேன். பாதம் ஊன்றியது, முட்டிகள் படகின் பக்கங்களில் பதிந்தன, முதுகு தானாக நிமிர்ந்தது. இடுப்புக்குப் பயிற்சி கொடுத்த பிசியோ சொன்னபடி, எந்தப் பக்கம் துடுப்போ அந்தப் பக்கக் காலை அழுத்தி, இடுப்புக்கு மேலே உடம்பைத் திருப்பிப் போட்டேன். வீச்சு நீளமாக வந்தது, நிதானமாக. துடுப்புகள் இடிப்பது நின்றது. வலியும் விட்டது.

"ஆங், இதான்! இப்படியே போ," என்றார் அவர். அவ்வளவு சந்தோஷம் குரலில்.

அது யாருடைய தாளம் என்று எனக்குத் தெரியாதா? என் பழைய வீச்சுக்கே திரும்பலாம். திரும்பினால் துடுப்பு இடிக்கும், இடுப்பும் விடாது. எரிச்சலோடு அதையே போட்டேன்.

சுற்றி முடித்துப் படகு மேடையை நோக்கித் திரும்பியது. என் துண்டைத் தோளில் போட்டபடி தங்கை அங்கேயே நின்றிருந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்தாள். அவள் தோள்கள் மட்டும் வலமும் இடமுமாகத் திரும்பிக்கொண்டிருந்தன, எங்கள் துடுப்புகளோடு இம்மியும் பிசகாமல்.