நிறுத்தி வைத்த சீட்டு

எனக்கு வத்திராயிருப்பில் தேங்காய் மூட்டை தூக்கும் வேலை. என் மனைவி அங்காளம்மாள் விழுந்து முழங்கால் வீங்கியதால் ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன்.

"வேற மருந்து ஏதும் சாப்பிடுறாங்களா?" என்று நர்ஸ் கேட்டபோது இல்லை என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. இருதயத்தில் வால்வு வைத்த பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் எழுதிய மாத்திரையை மூன்று வருடமாகப் போடுகிறாள். தினமும் போடுவதை எங்கள் பக்கம் மருந்தில் சேர்ப்பதில்லை. காய்ச்சலுக்கும் வலிக்கும் போடுவதுதான் மருந்து.

இந்த ஆஸ்பத்திரி டாக்டர் வலிக்கு ஊசி எழுதித் தந்த சீட்டோடு கீழே மருந்து கவுண்டருக்குப் போனேன். மஞ்சள் பையிலிருந்து சீட்டை எடுக்கையில் அந்த மாத்திரை அட்டையும் வந்து விழுந்தது. கவுண்டரில் இருந்த யோகேஸ்வரி அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருக்கு அண்ணாச்சி?"

"எம் பொஞ்சாதிக்குத்தான். அது தெனம் போடுறது."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"மருந்தத்தான கேட்டாவ."

அவர் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டார். "இது ரத்தம் உறையாம இருக்கப் போடுறது. இந்த வலி ஊசியும் சேந்தா உள்ளுக்குள்ள ரத்தம் கசியும். தர மாட்டேன்."

"எடுத்துக் குடுத்து அனுப்பும்மா. பரீட்சையா வைக்க?" என்றார் எனக்குப் பின்னால் நின்றவர்.

யோகேஸ்வரி சீட்டும் அட்டையுமாக மாடிக்கு ஏறினார். நானும் போனேன். அவர் சொன்னதைக் கேட்டும் டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை.

"எழுதுறது நான். எடுத்துக் குடுக்குறதுதான் உங்க வேலை."

"எடுத்துக் குடுக்குற கை என்னோடது சார்" என்று அட்டையை மேசையில் வைத்தார்.

டாக்டர் பார்த்தார். சீட்டில் இரண்டு கோடு போட்டு அடித்தார். வேறு மருந்து எழுதி நீட்டினார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கவுண்டரில் வேறு ஆள் இருந்தார். "அந்தம்மாவ ஸ்டோருக்கு மாத்திட்டாங்க. பேஷண்டுகளக் காக்க வைக்கிறாங்கன்னு டாக்டர் புகார்" என்றார்.

மேனேஜர் ஒரு பாரத்தையும் மை டப்பாவையும் நகர்த்தினார். "சிகிச்சை திருப்தின்னு போட்டிருக்கு. ரேகை வைங்க."

"பேனா தாங்க."

நாற்பத்தைந்து வயதில் படித்த எழுத்து, மெதுவாகத்தான் வரும். திருப்தி என்று அச்சடித்திருந்ததை, டாக்டர் அடித்த மாதிரியே இரண்டு கோடு போட்டு அடித்தேன். கீழே எழுதினேன்: 'நான் சொல்லாதது தப்பு. டாக்டர் விசாரிக்காதது தப்பு. தண்டனை மட்டும் தப்பைப் பிடித்தவருக்கா?'

மேனேஜர் முகம் சுருங்கியது. "இப்படியெல்லாம் எழுதக் கூடாது. வேற பாரம் தாரேன்."

"தாங்க. அதுலயும் இதத்தான் எழுதுவேன்."

அங்காளம்மாள் காலை நீட்டி பெஞ்சில் உட்கார்ந்தாள். "நிதானமா எழுதுங்க. பொறவு வார பஸ்ஸுல போவோம்."