கூட்டாமல் குறைக்காமல்

செல்லக்கனி தன் புருஷனோடு பேசி எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அவர் சாப்பிட உட்கார்ந்தால் இவள் பரிமாறினாள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்கு மூன்று பேரும் சேர்ந்தே போனார்கள். பேச்சு மட்டும் மகள் வழியாக நடந்தது.

"உங்கப்பாட்ட சொல்லு, சோறு ஆறுது."

ஆசீர்வாதம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். ஆனாலும் தேவப்பிரியம் வந்து, "அப்பா, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்ட பிறகுதான் எழுந்திருப்பார். காதில் விழுந்தது கணக்கில்லை. மகள் சொன்னதுதான் கணக்கு.

ஏழு வயதில் அவளிடம் வந்த வேலை. இப்போது பதினைந்து வயது.

ஆசீர்வாதத்தின் கடை ராயபுரம் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கருப்பட்டி, வற்றல், புளி என்று தெற்கேயிருந்து வரும் சரக்கு. வீடு ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு சந்துக்குள். மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் அவள்தான் கொண்டுபோவாள். சாப்பாட்டோடு பேச்சும் போகும்.

"விறகு தீந்துட்டுன்னு முந்தாநேத்தே சொல்லியாச்சு. கண்ணு அவிஞ்சு போச்சான்னு கேளு" என்று அம்மா சொல்லியனுப்புவாள். கடைக்குப் போய்ச் சேரும்போது அது, "அப்பா, விறகு தீந்துட்டாம்" என்று ஆகியிருக்கும். "ஒரு நாள் விறகில்லன்னா குடி முழுகிப் போவுமோ? வாய அடக்கச் சொல்லு" என்பார் அப்பா. வீட்டுக்கு வரும்போது அது, "சாயங்காலம் அனுப்புதாவளாம்மா."

யாரும் அவளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. அம்மா அம்மியில் அரைக்கும் சத்தத்தைக் கேட்டே அன்றைக்கு எதைச் சொல்லலாம், எதை விழுங்கிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்பா படிக்கல்லைத் தராசில் வைக்கும் விதம் போதும். பள்ளிக்கூடத்தில் இரண்டு பெண்கள் சண்டை போட்டால் அவளைத்தான் தேடி வருவார்கள். அவள் இங்கே ஒரு வார்த்தை, அங்கே ஒரு வார்த்தை சொல்வாள். சாயங்காலம் இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு போவார்கள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் பவுனம்மாள் இந்த வீட்டு வழக்கத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

"இன்னாம்மே இது? ஆம்பள அங்க குந்திகினு கீறாரு. நீ இங்க நின்னுகினு பொண்ணாண்ட சொல்ற. எங்க வூட்லன்னா இந்நேரம் தொடப்பக்கட்ட பேசியிருக்கும்."

"நீ மீனப் போடு" என்பாள் செல்லக்கனி.

"போடறேன், போடறேன். பாப்பா, நீ கோர்ட்டாண்ட துபாஷி வேலைக்குப் போயேன். வெள்ளக்காரன் போறதுக்கு முன்ன வளந்திருந்தா மாளிகை கட்டியிருப்ப."

தேவப்பிரியம் சிரிப்பாள். அம்மாவும் சிரிப்பாள். உள்ளே அப்பாவும் சிரிப்பது கேட்கும். அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது பவுனம்மாள் வந்தபோது மட்டும்தான்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியான வருஷம் பேச்சு நின்றது. ஆசீர்வாதம் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் சொந்த ஊர் நாசரேத்துக்கு அனுப்பிவிட்டுக் கடையோடு தங்கிவிட்டார். அங்கே சின்னவன் சிகாமணிக்குக் காய்ச்சல் கண்டது. நான்கு வயது. பிள்ளை பிழைக்கமாட்டான், புறப்பட்டு வரவும் என்று தந்தி போயிற்று. அவர் வரவில்லை. அடக்கம் முடிந்து, கல்லறையில் மண் காய்ந்த பிறகு வந்தார்.

"ரயில் ஓடல. வண்டியெல்லாம் பட்டாளத்துக்கு எடுத்துட்டான்" என்றார்.

செல்லக்கனி அதற்குப் பதில் சொல்லவில்லை. பிறகு எதற்குமே சொல்லவில்லை.

எட்டு வருஷம் கழிந்து, தை மாதம் செல்லக்கனியின் தம்பி யேசுதாஸ் ஊரிலிருந்து வந்தார். பிரசவத்தில் அவர் மனைவி போய்விட்டாள். பிறந்த பிள்ளை மட்டும் இருந்தது. "அக்கா வந்தாத்தான் அது பிழைக்கும்" என்று அழுதார். செல்லக்கனி உடனே சரி என்றாள். மறுநாள் சாயங்காலம் எழும்பூரில் ரயில். பங்குனியில் பரீட்சை இருந்ததால் தேவப்பிரியம் அப்பாவோடு இருப்பதென்று முடிவாயிற்று.

மறுநாள் மத்தியானம் அம்மா டிரங்குப் பெட்டியை அடுக்கினாள். தேவப்பிரியம் பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணப் புடவை உள்ளே போயிற்று. குளிர்காலக் கம்பளி போயிற்று. பைபிள் போயிற்று. கொடியில் அம்மாவுடையது என்று ஒன்றும் மிச்சமில்லை.

"எப்பம்மா திரும்பி வருவ?"

"அது உங்கப்பா சொல்றதுல இருக்கு."

"அப்பா என்ன சொல்லணும்?"

செல்லக்கனி பெட்டியைத் திறந்தபடி விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"போய்க் கேளு. அன்னைக்கு ரயில் ஓடுச்சா, இல்லியான்னு. அவிய வாயில என்ன வருதோ அத அப்படியே கொண்டா. கூட்டாத. குறைக்காத."

"நீயே கேளேம்மா."

"எனக்கு வாய் வராதுட்டி" என்றாள் அம்மா.

கடையில் ஒரு கிழவிக்குப் புளி நிறுத்துக்கொண்டிருந்தார் ஆசீர்வாதம். தேவப்பிரியம் தூக்குவாளியை வைத்துவிட்டுக் கிழவி போகும்வரை நின்றாள். பிறகு கேட்டாள். கேள்வியை அவள் மாற்றவில்லை. மாற்றுவதற்கு அதில் இடம் இல்லை.

அவர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் சாலையைப் பார்த்தார்.

"ஓடுச்சு" என்றார்.

அவள் கல்லாவுக்குக் கிட்டத்தில் போனாள்.

"எழும்பூர் வரைக்கும் போனேன். டிக்கெட் எடுத்தேன். பிளாட்பாரத்துல கூட்டம், எல்லாவனும் ஊரவிட்டு ஓடுதான். ஜன்னல் வழியாப் பிள்ளையளத் தூக்கிப் போடுதானுவ. நான் கம்பியப் பிடிச்சேன். நம்ம பய மூச்சு வாங்குறதப் போய்ப் பாக்கணுமேன்னு நினைச்சேன். கை விட்டுட்டு. ரயில் போயிட்டு."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் சணல் கயிற்றைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தது.

"கடைய நினைச்சு நிக்கல. அதையும் சொல்லு. பயந்துதான் நின்னேன்."

"சரிப்பா."

"ஏளா, நீ வழியில நல்ல வார்த்த சேக்கிறது எனக்குத் தெரியும். இதுல சேக்காத. இத இப்படியே சொல்லிரு."

"சொல்லுதேம்பா" என்றாள்.

சொல்லத்தான் புறப்பட்டாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. துறைமுகத்திலிருந்து கூட்ஸ் வண்டி வந்துகொண்டிருந்தது, முடிவில்லாமல். நிலக்கரிப் பெட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக அசைந்து போயின. அவள் மீன்கூடைக்காரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவில் நின்றாள். நின்ற இடத்தில் யோசிக்கத் தொடங்கினாள். கேட் திறந்திருந்தால் அப்பாவின் வார்த்தைகள் சூடு ஆறாமல் வீட்டுக்குப் போயிருக்கும் என்று பின்னால் எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள்.

ரயில் ஓடியது. பிள்ளை செத்துக்கொண்டிருந்தான். தகப்பன் பிளாட்பாரத்தில் நின்றான். இதைக் கேட்டால் அம்மா என்ன ஆவாள்? அம்மா தாங்கமாட்டாள். பெட்டியைப் பூட்டிக்கொண்டு போனால் போனதுதான். அப்பா சொல்வதில்தான் இருக்கிறது என்றாள் அல்லவா? அப்படியானால் அப்பா வேறு மாதிரி சொல்லியிருக்க வேண்டும்.

எட்டு வருஷமாகச் செய்ததைத்தான் அவள் செய்தாள். கடைசிப் பெட்டி போய், கேட் தூக்கியபோது வாக்கியம் தயாராக இருந்தது.

செல்லக்கனி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாவ?"

"ஓடலையாம்மா. பட்டாளத்துக்கு எடுத்துட்டாங்களாம். வர முடியலையேன்னு இப்பவும் மனசு கிடந்து அடிக்காம். சொல்லும்போதே கண்ணு கலங்கிட்டு."

"கண்ணு கலங்குச்சா?"

"ஆமாம்மா."

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். பெட்டியின் மூடி விழும் சத்தம் கேட்டது. பூட்டும் சத்தம் கேட்டது. அது எதற்கான சத்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

எழும்பூருக்குக் குதிரைவண்டியில் போனார்கள். போகும் வழியில் கடை வந்தது. வண்டி நிற்கவில்லை. ஆசீர்வாதம் வெளியே வந்து நின்றிருந்தார். செல்லக்கனி திரும்பவில்லை. அவர் தேவப்பிரியத்தைப் பார்த்து, சொன்னாயா என்பதுபோல் தலையை அசைத்தார். அவளும் தலையை அசைத்தாள்.

ரயிலில் இடம் பிடித்து உட்கார வைத்துவிட்டு யேசுதாஸ் மாமா தண்ணீர் பிடிக்கப் போனார். அம்மா ஜன்னலோரம் இருந்தாள். மகள் பிளாட்பாரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊர்ல நம்ம தெரு அப்பாவு அண்ணனைத் தெரியும்லா உனக்கு?" என்றாள் அம்மா.

"தெரியும்."

"சிகாமணி அடக்கத்தன்னைக்குக் காலையில வந்து இறங்குனாரு. பட்டணத்துல இருந்துதான். நேரா நம்ம வீட்டுக்குத்தான் வந்தாரு. எப்படி வந்தீயன்னு கேட்டேன். ரயில்லதான் வந்தேன்னாரு."



"அப்பம் உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம என்ன? அன்னையில இருந்தே தெரியும். அவிய வாயால ஒரு தடவ கேக்கணும்னு இருந்தேன். எதுக்கு வரலன்னாலும் பொறுத்துக்கிடுவேன். பொய்யத்தான் பொறுக்க முடியல. இன்னைக்கும் அதையே சொல்லிவிட்டிருக்காவ."

"அம்மா, இல்ல. அப்பா அப்படிச் சொல்லல. ஓடுச்சுன்னுதான் சொன்னாவ. நான்தான் மாத்திச் சொன்னேன். எழும்பூர் வரைக்கும் வந்தாவளாம். டிக்கெட் எடுத்தாவளாம். இதே பிளாட்பாரத்துல நின்னாவளாம். பயந்துட்டாவளாம்மா. தம்பி மூச்சு வாங்குறதப் பாக்க..."

அவள் வேகமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் இளகியது. ஆனால் அது கேட்பவள் முகம் இல்லை. பிள்ளை மழலை பேசும்போது தாய்க்கு வரும் முகம். செல்லக்கனி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"நீ நல்ல பிள்ளட்டி. சின்னதுல இருந்தே இப்படித்தான். எது ஒடஞ்சாலும் ஒட்டிக்கிட்டே இருப்ப."

"இல்லம்மா, சத்தியமா..."

"சத்தியம் பண்ணாத. பாவம்."

இதமாக எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியும். நம்பும்படி எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மாமா கூஜாவோடு ஓடிவந்து ஏறினார். ரயில் நகர்ந்தது. அவள் கூடவே நடந்து, பிறகு ஓடி, "அம்மா, நெசமாத்தாம்மா" என்று கத்தினாள். அம்மா கையை ஆட்டினாள். அழவில்லை.

பொழுது சாய்ந்து கடைக்கு வந்தபோது இரண்டு பேர் வற்றலுக்கு நின்றார்கள். ஆசீர்வாதம் அவர்களை அனுப்பிவிட்டு அவளைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

"அப்பா, நீங்க சொன்னத நான் அம்மாட்ட சொல்லல. ரயில் ஓடலன்னு சொல்லிட்டேன். டேஷன்ல வச்சுத்தான் உள்ளதச் சொன்னேன். அவங்க நம்பல."

அவர் தராசுத் தட்டைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"ஏன் சொல்லல?"

"அழுவாங்கன்னு."

"அழுவட்டும்னுதாம்ளா சொன்னேன்."

திட்டியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும், எப்படி நிற்பது என்று. அவர் திட்டவில்லை. வெளியே மீன்வண்டிகள் காசிமேட்டுப் பக்கம் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

"நாளைக்கும் ரயில் இருக்குப்பா" என்றாள். "நீங்க போங்க. போய் நேர்ல சொல்லுங்க."

"நீயும் வா."

"எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

"ஒரு நாள்தானளா. நான் அங்க போய் வாயடைச்சு நிப்பேன். நீ பக்கத்துல இருந்தா ரெண்டு வார்த்த வரும்."

சரி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"நான் வரலப்பா. நீங்களே சொல்லணும். நான் இருந்தா அது நான் சொன்னதா ஆயிரும்."

அவர் தலையை ஆட்டினார். அது நியாயம் என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர் தனியாகப் போய்ப் பேசுகிறவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அதைத் தெரிந்துகொண்டுதான் வரமாட்டேன் என்றாள். ஒருநாளாவது தன்னை விட்டுவிடட்டும் என்று அவளுக்கு இருந்தது.

மறுநாள் காலையில் கடை வழக்கம்போல் திறந்தது. அதற்கு அடுத்த நாளும் திறந்தது.

பங்குனியில் பரீட்சை முடிந்தது. மாமாவின் பிள்ளை குப்புற விழுந்தது என்றும், தவழ்கிறது என்றும் ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அம்மாவைப் பற்றி, நல்லா இருக்கா என்று மட்டும் சொன்னார்கள். வீட்டில் இப்போது தேவப்பிரியம் சமைத்தாள். ஆசீர்வாதம் அவள் கூப்பிடுமுன்பே வந்து சாப்பிட்டார்.

ஒரு நாள் பவுனம்மாள் கூடையை இறக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பாப்பா, அம்மா எப்போ வருது? புள்ளதான் எழுந்து நிக்கிற வயசாயிருக்குமே."

"வரமாட்டாங்க."

பவுனம்மாளின் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா கண்ணு இது, இப்டிப் பட்டுனு சொல்லிட்ட? ஒரு பேச்சுக்காவது வரும்னு சொல்லக்கூடாதா?"

தேவப்பிரியம் மீன்சட்டியை நீட்டினாள்.