மூன்று நாள் ‘ஓகே’

பள்ளிப் பேருந்து டிப்போ மேலாளர் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார், தப்பு இங்கிலீஷை மட்டும் பொறுக்க மாட்டார். வண்டியில் என்ன கோளாறு என்றாலும் டிரைவர்கள் நோட்டில் இங்கிலீஷில் எழுத வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். வாயால் சொன்னால் காதில் வாங்க மாட்டார். எழுதினாலோ, ‘லூஸ்’ என்பதில் ஓர் எழுத்து குறைகிறது, வண்டியை நிறுத்தும் ‘பிரேக்’ உடைக்கும் ‘பிரேக்’ ஆகிவிட்டது என்று சிவப்பு மையால் வட்டம் போட்டு, டீ நேரத்தில் உரக்கப் படிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மேலாளர் சிரிக்கும்போது உம்மென்று உட்கார்ந்திருக்க யாருக்குத் தைரியம்?

அன்று சாயங்காலம் நோட்டைப் புரட்டினார். ஏழாம் நம்பர் வண்டிக்கு மூன்று நாளாக வெறும் ‘ஓகே’. ஆனால் ஒவ்வொரு ‘ஓகே’க்கு அடியிலும் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் நைந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அழித்த பென்சில் தடத்தில் ‘பிரேக்’ மட்டும் தெரிந்தது. தப்பாகத்தான் எழுதியிருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

அந்த வண்டியில்தான் அவர் மகள் வருகிறாள். கடைசியாக, டிப்போவிலேயே இறங்குபவளும் அவள்தான். நாலு மணிக்கு வரவேண்டிய வண்டியை நாலரை ஆகியும் காணோம். டிரைவருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்பதும் அவர் சட்டம்தான். மேசைக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தார்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஏழாம் நம்பர் ஆமை போல் ஊர்ந்து வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“மூணு நாளா பெடல் கீழ போகுது சார். மத்த பிள்ளைங்கள இறக்கிவிட்டப்புறம் சுத்தமா பிடிக்கல. ஹேண்ட் பிரேக்கை வச்சே உருட்டிக்கிட்டு வந்தேன்.”

“குழந்தைங்க உசிருய்யா! எழுதறதுக்கு என்ன?”

“எழுதினேன் சார். தப்போன்னு அழிச்சேன். மறுபடியும் டீ நேரத்துல சிரிப்பீங்களேன்னு... என் தப்புதான் சார்.”

மகள் பையோடு குதித்து இறங்கினாள். டிரைவரைப் பார்த்தாள், பிறகு அப்பாவை.

“அப்பா, வீட்டுல நடிச்சுக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பீங்களே, தப்புத் தப்பா எழுதற டிரைவர்... அது நம்ம பஸ் மாமாவா?”

டிரைவர் வண்டியில் ஏறி, சீட்டில் அவள் விட்டுவந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.