கைய நீட்டுங்கண்ணே

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இளஞ்செழியன் என்றொரு விவசாயி. அவர் உள்ளங்கை வேர்த்தால் மேட்டூரைத் திறக்கவே வேண்டாம். கடைமடை வரைக்கும் பாய்ந்து, மிச்சத்தை முத்துப்பேட்டையில் கடலுக்கு விடலாம். மற்ற நேரமெல்லாம் அந்தக் கை பனைமட்டை மாதிரி காய்ந்துதான் கிடக்கும். யாராவது கையை நீட்டச் சொன்னால்தான் மதகு திறக்கும்.

நெல் கொள்முதல் நிலையத்தில் அந்த வார்த்தை இல்லாமல் வேலை நடக்காது. அங்கே எழுத்தர் ஜாஃபர் சாதிக், பூனையைக்கூட 'வாங்க' என்று கூப்பிடுகிற ஆள். மூட்டையில் குத்தூசியைச் சொருகி நெல்லை உருவி, விவசாயியின் உள்ளங்கையில் கொட்டுவார். அதைக் கொண்டுபோய் ஈரம் பார்க்கிற மிஷினில் போடவேண்டும். இளஞ்செழியனின் நெல் இரண்டு முறை ஈரம் அதிகமென்று திரும்பிவிட்டது. ரோட்டில் கொட்டிக் காயவைத்தார். வாயில் போட்டால் பொரி, அப்படியொரு காய்ச்சல். மூன்றாம் முறையும் தள்ளிவிட்டார்கள். கிழக்கே வானம் எருமைக்கூட்டமாய்க் கறுத்து நின்றது. மழை விழுந்தால் மூட்டையிலேயே முளைத்துவிடும். ஒரு போகத்து உழைப்பு நாற்றங்காலாகிவிடும்.

இளஞ்செழியன் மூட்டைமேல் உட்கார்ந்தார். நெஞ்சு அறுவடை மிஷின் மாதிரி அதிர்ந்தது. தூக்குவாளியில் தண்ணீர் கொண்டுவந்த மனைவி அனுராதா, அவர் உள்ளங்கையில் நெல்மணிகள் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தாள். பிய்த்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது.

"நெல்லுல ஈரம் இல்லைங்க. உங்க கையிலதான் இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து சொல்லாததை அவர் அப்போது சொன்னார். சின்ன வயதில் மார்க் குறைந்தாலும், மாடு வரப்பைத் தாண்டினாலும், அப்பா "கைய நீட்டு" என்பாராம். பிரம்பை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்காருவாராம். ரசம், மோர், வெற்றிலை எல்லாம் நிதானமாய் நடக்கும். பையன் நீட்டிய கையோடு நிற்பான். பல நாள் அடி விழவே விழாது, எழுந்து போய்விடுவார்.

"அடிச்சிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும் அனு."

அப்பா போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. கைக்கு மட்டும் அந்தச் சேதியை யாரும் சொல்லவில்லை.

அனுராதா அந்தக் கையை முந்தானையில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். தான் போய்ப் பேசட்டுமா என்று கேட்டாள். அவர் வேண்டாமென்றுவிட்டு, தூக்குவாளி மூடியை எடுத்துக்கொண்டு, இன்னொரு முறை பார்க்கச் சொல்லி எழுத்தர் முன்னால் போய் நின்றார்.

"கைய நீட்டுங்கண்ணே."

கை தானாக எழுந்தது. பாதியில் அதை இறக்கினார்.

"நீட்ட மாட்டேன் தம்பி. இதுல கொட்டுங்க."

ஒரு மலை பெயர்ந்த சத்தம் தஞ்சாவூர் வரைக்கும் கேட்டிருக்கும். ஜாஃபர் சாதிக் காதில் மட்டும் விழவில்லை. அதுக்கென்னண்ணே என்று மூடியில் கொட்டினார்.

மிஷின் ஒரு வம்பும் பண்ணாமல் நெல்லை ஏற்றுக்கொண்டது. கடைசி மூட்டை தார்ப்பாய்க்குள் போகும்போது முதல் சொட்டு விழுந்தது. இளஞ்செழியனின் கை அப்போதும் ஊற்றெடுத்துக்கொண்டுதான் இருந்தது. நனைந்துவிடுமென்று ரசீதை அனுராதாவை வாங்கச் சொன்னார். அவள் ஒரு கையில் அதை வாங்கி, மறு கையால் அந்த ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள்.